மொட்டை மாடியில் குலிந்தாங்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவன் நான். என் தொண்டையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். நான் விலை கூற ஆரம்பித்தால் லாரி ஓட்டுகிறவர்கள் ஹாரனை விட்டுவிட்டு என்ன ஏதென்று திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கொடுத்தால் பந்தி முடியும்வரை சிரிக்க வைப்பேன். மைக்கைப் பிடுங்கினால் மைக் இல்லாமலும் வைப்பேன். பயம் என்பது மற்ற மனிதர்களுக்கு வருகிற ஒரு வியாதி என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை போனது என் மகள் கொண்டுவந்த ஒரு பெட்டியால்.

மகள் பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படித்தவள். எங்கள் மாவட்டத்தில் இது இப்போது அதிசயமே இல்லை. டவாவ் நகரத்தில் கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று மொரப்பூர் ரயில் நிலையத்தில் நின்று கேட்டால்கூட யாராவது ஒரு தகப்பன் வழி சொல்லிவிடுவார். படிப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று பெங்களூர் விமான நிலையத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். அவள் தள்ளிக்கொண்டு வந்த வண்டியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கினேன். பெட்டி அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது.

“என்னா கண்ணு, காலேஜ் செவுத்தயே பேத்து எடுத்துக்கிட்டு வந்துட்டியா?”

“மெதுவாப்பா. உள்ள மணி இருக்குது.”

“படிச்ச புஸ்தகமெல்லாம் எங்க?”

“ஜூனியருக்குக் குடுத்துட்டேன். இதுக்கு எடம் வேணுமில்ல?”

நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தாள். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மணியைத் தூக்கிக்கொண்டு வருகிற டாக்டரை நாங்கள் இரண்டு பேருமே அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் பிரித்தபோது வெள்ளைக் கோட்டிலும் நைட்டியிலும் சுற்றிய எட்டு வெண்கல மணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மணி என்றால் நாக்குத் தொங்குகிற கோயில் மணி அல்ல. கிண்ணத்தைக் கவிழ்த்து உச்சியில் ஒரு குமிழ் வைத்த மாதிரி இருக்கும். மனைவி அதில் பெரியதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இட்லிப் பானை மூடிதான். கைப்பிடிய மட்டும் பாத்திரக்காரன் மழுங்கடிச்சுட்டான்.”

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. தெருக்கோடி ஆசாரியிடம் சொல்லி ஒரு மரச்சட்டம் செய்து வாங்கி, அதில் கயிறு கட்டி, சின்ன மணியிலிருந்து பெரிய மணி வரை வரிசையாக உட்கார வைத்தாள். எதிரே உட்கார்ந்து இரண்டு மரக்குச்சிகளால் குமிழ்களைத் தட்டினாள். இட்லிப் பானை என்று சொன்ன மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். குக்கர் தன்பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் மட்டும் சேகண்டிச் சத்தம் கேட்கிறதே, யாருக்கு என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அதன் பெயர் குலிந்தாங். பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோ தீவில் கல்யாணம், விருந்து எல்லாவற்றுக்கும் வீட்டு ஆட்களே உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம். ஒரு காலத்தில் அங்கேயும் ஸ்பீக்கர் பெட்டி வந்ததும் வீட்டு மணிகளைப் பழம்பொருள் வியாபாரிகளிடம் தள்ளிவிட்டார்களாம். இப்போது காலேஜ் பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்து, எலக்ட்ரிக் கிதாரோடு சேர்த்து, ஷாப்பிங் மால் மேடையில்கூட வெளுத்து வாங்குகிறார்கள். மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியை அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. வீடு வீடாகப் போய்ப் பரணில் கிடக்கும் மணிகளைக் கேட்டு வாங்கி, கற்றுக்கொள்கிறவர்களிடம் கொடுத்து வைக்கிறவர். உடற்கூற்றுப் பாடத்துக்குப் பயந்து ஒரு சாயங்காலம் அங்கே ஒதுங்கிய என் மகள், படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறாள்.

“அப்ப இது நமக்குக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டேன்.

“குடுக்கலப்பா, குடுத்து வெச்சிருக்காங்க. மேடத்துக்கு ஒரு ரூல் இருக்குது. வாங்கிட்டுப் போறவங்க ஒரு வருஷத்துக்குள்ள ஒரு பாட்ட முழுசா அடிச்சுக் காட்டணும். கூலிக்கு ஆள் வெக்கக் கூடாது, வூட்டு ஆளுங்கதான் அடிக்கணும். அக்கம்பக்கம் நாலு பேரு கேக்கணும். மேடம் போன்ல பாப்பாங்க. நடுவுல ஒடஞ்சு போவக் கூடாது, ஒழுங்கா முடிக்கணும்.”

“முடிக்கலன்னா?”

“ஹைதராபாத்துல ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு அனுப்பிடணும்.”

“பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்ளோ கண்டிஷன் போடறதில்ல,” என்றேன்.

சிரித்துச் சமாளித்தேனே தவிர, எனக்கு உள்ளே சுருக்கென்றது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஊசி போடுவதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்காக அவள் விடிந்ததிலிருந்து புத்தகத்துக்குள்ளேயே கிடந்தாள். பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. சாயங்காலம் மணிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் பழைய பிள்ளையாக இருப்பாள். தட்டில் இன்னொரு தோசை கேட்பாள். அந்த மணி ஹைதராபாத்துக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவியாலும் முடியவில்லை, ஆனால் அவள் அதைத் தோசைக் கணக்கில் சொன்னாள்.

குலிந்தாங் தனியாக வாசிக்கிறதல்ல. கூடவே அகுங் என்று ஒன்று வேண்டும், கயிற்றில் தொங்குகிற பெரிய மணி. அது பின்னால் கப்பல் பார்சலில் வந்து சேர்ந்தது. பபண்டில் என்று சின்ன மணி ஒன்று வேண்டும். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விளிம்பில் மூங்கில் குச்சியால் தட்ட வேண்டும். அப்புறம் ஒரு மேளம். மேளத்தை மட்டும் விலங்குத் தோல் என்று அங்கேயே ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு அகுங் மேல்தான் கண். என் உடம்புக்கும் புகழுக்கும் ஏற்ற வாத்தியம்.

“அது அம்மாவுக்கு,” என்றாள் மகள்.

“அங்க அத ஆம்பளைங்கதான் அடிப்பாங்கன்னு நீதான சொன்ன?”

“இந்த வூட்டுல கேஸ் சிலிண்டர தூக்கறது யாரு?” என்றாள் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது. ரப்பர் சுற்றிய கட்டையை எடுத்து அகுங்கின் குமிழில் ஒரு போடு போட்டாள். கீழே தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது.

“அப்பாவுக்கு பபண்டில். ரொம்ப ஈஸிப்பா. பாட்டத் தொடங்கறதே நீங்கதான். கடைசி வரைக்கும் அதே தட்டு, அதே வேகம். மத்தவங்க எல்லாரும் ஒங்கள நம்பித்தான் அடிப்பாங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏலம் விடுகிறவன் பிழைப்பே அவசரம். முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே யாரும் மூச்சு விடக் கூடாது, விட்டால் யோசிப்பார்கள், யோசித்தால் வாங்க மாட்டார்கள். அப்படிப் பழகிய கை, மூங்கில் குச்சியைப் பிடித்ததும் தானாக விலையை ஏற்ற ஆரம்பித்தது. தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மகளின் குச்சிகள் என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவரும். மனைவியின் அகுங் மூச்சிரைக்கும்.

“அப்பா, ஏலம் விடாதீங்க!”

“நான் எங்க விட்டேன்? நீங்கதான் மெதுவாப் போறீங்க.”

ஹைதராபாத் பெண்ணை நினைத்தால் கை இன்னும் ஓடியது. மண்டியில் தராசுத் தட்டில் விரலால் தட்டிப் பழகினேன். ஒரு விவசாயி, “என்னாங்ணா, எறும்பு ஏறிடுச்சா?” என்று துண்டால் தராசைத் துடைத்துக் கொடுத்தார். ஒருநாள் நெஞ்சு படபடத்தது. மகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன். பட்டை கட்டி, காற்றடித்து, முள்ளைப் பார்த்தாள்.

“பிரஷர் நார்மல்ப்பா. ஒங்களுக்கு வந்திருக்கறது பயம்.”

“வேற நல்ல வியாதியாச் சொல்லு கண்ணு.”

“பயந்தாம்ப்பா.”

“பரீட்சைல பாசானப்பறம் இன்னொரு தடவ பாத்துச் சொல்லு,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேளத்துக்கு ஆள் கிடைத்தது இன்னொரு கதை. என் மச்சான், மனைவியின் தம்பி, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். பண்டிகைக் காலத்தில் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பம்பை அடிக்கப் போவார். பம்பை என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற இரட்டை மேளம். எங்கள் பக்கத்தில் அதன் வேலையே சாமியை அழைப்பது. கோயில் வாசலில் பம்பை சூடேறினால் கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்தே தீரும். மச்சான் போனில் பாட்டை இரண்டு மூன்று தடவை கேட்டார், பிலிப்பைன்ஸ் மேள அடி அப்படியே பம்பையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு குறை. பாட்டு முடியப்போகிற நேரத்தில் அவர் கை மெல்லத் தன் சொந்த அடிக்கு நழுவிவிடும்.

“மச்சான், அது சாமி அழைக்கற அடி.”

“கையி தானாப் போவுதுங்க மாமா.”

“டீ வந்தா மட்டும் நின்னுடுது?”

“டீ வேற விசயமுங்க.”

அதனால் பயிற்சியில் அவர் கை நழுவுகிற சமயம் பார்த்து மனைவி டீ கொண்டுவந்துவிடுவாள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம். நாளன்று மனைவியின் கையில் அகுங் கட்டை இருக்கும், டீ இருக்காது என்பது படித்தவள் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

வருடம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. நேரம் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு. பொம்மிடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் அக்காவையும் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“நல்லா அடிக்கலன்னா மணிய எடுத்துக்குவாங்களா? எவ அவ, எங்க பொண்ணுகிட்ட இருக்கறத எடுக்கறவ?”

“அவங்களுதுதாங்க்கா அது.”

“இருக்கட்டும்டா. குடுத்தது குடுத்ததுதான்.”

அக்காவுக்கு வருடா வருடம் அவர்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் சாமி வரும். நாங்களே வரிசையில் நின்று அவள் கையால் விபூதி வாங்கியிருக்கிறோம். அக்காவையும் தெரியும், பம்பையையும் தெரியும். இரண்டையும் ஒரே மாடியில் ஏற்றுகிறோமே என்று யாருக்கும் உறைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் பாட்டு என்பதால் எங்கள் சாமிக்கு அழைப்புப் போகாது என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

அன்று மாடி நிறைந்துவிட்டது. அக்கம்பக்கம் நாலு பேர் என்று சொன்னதற்குத் தெருவே வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தது. அக்கா முன் வரிசையில், பட்டுச்சேலையில். தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த போனில் ஆசிரியை தெரிந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டிய, என் வயதுக்காரப் பெண்மணி. அங்கே இருட்டிவிட்டிருந்தது. அவருக்குப் பின்னால் டியூப்லைட் வெளிச்சத்தில் இளவட்டங்கள் மணிகளோடும் கிதாரோடும் தரையில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆசிரியை கையசைத்தார். நானும் குச்சியை அசைத்தேன்.

மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான்தான் தொடங்க வேண்டும். பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, “இதுல எங்க தப்பு வந்தாலும் அது பிலிப்பைன்ஸ் ஸ்டைல்னு நெனச்சுக்கணும்,” என்று அறிவித்தேன். தெரு சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன், தட்டினேன்.

சரியான வேகம்! எனக்கே ஆச்சரியம். மகளின் குச்சிகள் உள்ளே வந்தன. எட்டு மணிகளும் ஒன்றுக்கு இன்னொன்று பதில் சொல்லிக்கொண்டு மேலே போவதும் கீழே வருவதுமாக இருக்க, அடியில் மனைவியின் அகுங் ஆழமாக இறங்கியது. பம்பை அடக்க ஒடுக்கமாகக் கூடவே வந்தது. சேர்ந்து அடிக்கும்போது அது ஒருவர் பாட்டும் இல்லை. நான் தட்டுவதை நிறுத்தினால் மாடியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று தோன்றியது. தெருக்காரர்கள் வெற்றிலை மெல்லுவதை மறந்திருந்தார்கள். இதுதானா, இதற்கா பயந்தோம் என்று நெஞ்சு நிமிர ஆரம்பித்த நேரத்தில் அக்கா ஒரு கொட்டாவி விட்டாள்.

எனக்கு வருத்தமாக இருந்தது. பஸ் ஏறி வந்து கொட்டாவியா?

இரண்டாவது கொட்டாவி வந்தபோதுதான் மச்சானின் கையைப் பார்த்தேன். அது தன் சொந்த அடிக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்றாவது கொட்டாவிக்கு எனக்கு அர்த்தம் தெரியும். சாமி வருவதற்கு முன்னால் அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். பாதம் தரையில் அடிக்கத் தொடங்கியது. கொண்டை அவிழ்ந்தது. ஓர் அலறலோடு அவள் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் சேர் பின்னால் உருண்டது.

தெருப் பெண்கள் நொடியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மஞ்சத்தண்ணிக்கு ஓடினாள், ஒருத்தி மாடியிலிருந்தே எட்டி வேப்பிலை ஒடித்தாள். மகள் பாட்டை முடிக்கிற அடியை அடித்துக் காட்டினாள். அதற்கு எல்லோரும் நிறுத்த வேண்டும். மச்சான் நிறுத்தவில்லை.

“மாமா, நிறுத்துங்க!” என்றாள் மகள்.

“சாமி நிக்கும்போது அடிய நிறுத்தக் கூடாது பாப்பா!”

அவர் சொன்னது சரிதான். சாமியை அழைத்துவிட்டுப் பாதியில் கையைக் கழுவுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. கேட்டு, பதில் வாங்கி, மலையேற்றி அனுப்பிய பிறகுதான் குச்சியைக் கீழே வைக்க முடியும். இங்கே நிறுத்தினால் சாமிக் குற்றம். நிறுத்தாமல் பாட்டு உடைந்தால் மணி ஹைதராபாத்துக்கு. போனில் ஆசிரியை திரைக்கு மிக அருகில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பை வேகம் பிடித்தது. மனைவி கூடவே ஓடினாள். மகளின் கையும் இழுபட்டு ஓடியது. ஓடாதது ஒன்றே ஒன்று, என் பபண்டில். இதைத் திறமை என்று வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்காக உண்மையைச் சொல்கிறேன், கை மரத்துவிட்டது. பயத்தில் உடம்பே கல்லாகி, அந்தக் குச்சி மட்டும் தொடங்கிய வேகத்திலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வேகமாக்கவும் தெரியவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. ஏலத்தில் ஒருநாளும் வராத நிதானம் எனக்குத் திகிலில் வந்தது.

மகள்தான் முதலில் அதைக் காதில் வாங்கினாள். திரும்பி என் குச்சியைப் பார்த்தாள். ஓட்டத்திலிருந்து தன் கையை மெல்ல இழுத்து என் தட்டின் மேல் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மனைவியின் அகுங் வந்து சேர்ந்தது. எங்கள் மூன்று பேருக்கும் எதிராகத் தனியாக ஓட முடியாமல் கடைசியில் பம்பையும் இறங்கி வந்தது. உடைந்துவிடும் என்று நினைத்த பாட்டு உடையவில்லை. அதன் நடுவே அக்கா ஆடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

யாராவது கேட்க வேண்டுமே. மனைவி அகுங்கை அடித்துக்கொண்டே கேட்டாள்.

“வந்திருக்கறது யாரு தாயி? என்னா கொறை?”

“மணிச் சத்தம் கேட்டு வந்தேன்டி!” அக்காவின் குரல் அக்காவுடையதாக இல்லை. “இந்த மணி இந்த வாசல் தாண்டக் கூடாது. வருசா வருசம் எம் பண்டிகைல எம் முன்னால அடிக்கணும். அடிப்பீங்களா?”

“அடிக்கறோம் தாயி!”

“தட்டறவன் தட்டணும்!”

வேப்பிலையோடு நீண்ட கை நேராக என்னைக் காட்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் வாழ்நாளில் மறுவிலை சொல்லாமல் முடித்த ஒரே வியாபாரம் அதுதான்.

“தட்டறான் தாயி,” என்றாள் மனைவி. கல்யாணமானதிலிருந்து என்னை அவள் ‘ன்’ போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். தெருவே கேட்டது.

கற்பூரம் காட்டினார்கள். அக்கா பக்கத்து வீட்டு அம்மாளின் தோளில் சாய்ந்து, சேரில் உட்கார வைக்கப்பட்டு, கண்ணை மூடிக் கிடந்தாள். மகள் இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக வாசித்தாள். அக்கா கண்ணைத் திறந்து, “காப்பி இருக்குதா?” என்று கேட்டாள். மகள் கடைசி மணியைத் தட்டிவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். அவளே எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அப்படியே போய் அத்தையின் நாடியையும் பார்த்தாள்.

போனில் ஆசிரியை பேச ஆரம்பித்தார். பாதி இங்கிலீஷ், பாதி அவர்கள் பாஷை. மகள் பதில் சொன்னாள், அத்தையைக் காட்டினாள், பம்பையைக் காட்டினாள், தயங்கித் தயங்கி எதையோ விளக்கினாள். மாடியில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னா கண்ணு சொல்றாங்க? போச்சா?”

“இருங்கப்பா.”

“பெயிலா பாசா, அத மட்டும் சொல்லு.”

“பாட்டு எங்க முடிஞ்சதுன்னு கேக்கறாங்க. அத்தை முழிச்சதும் முடிச்சேன்னு சொன்னேன்.” அவள் மறுபடி போனுக்குக் காது கொடுத்தாள். முகம் மெல்ல மாறியது. “அவங்க பக்கமும் ஒடம்பு முடியாதவங்களுக்காக மணி அடிக்கற வழக்கம் உண்டாம்ப்பா. அப்பெல்லாம் பாட்டுக்கு அளவே கெடையாதாம். படுத்தவங்க எழுந்து ஒக்காந்து தண்ணி கேட்டாத்தான் முடிவாம். அப்ப இதுவும் சரியாத்தான் முடிஞ்சுதுங்கறாங்க.”

“நான் காப்பியில்ல கேட்டேன்?” என்றாள் அக்கா.

“அதையும் சொல்லிடறேன் அத்தை.”

“சாமி சொன்னதச் சொன்னியா?” என்று மனைவி கேட்டாள்.

“சொன்னேம்மா. மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் சிரிக்கல. அடிச்சீங்களான்னு கேக்கறதுக்கு அங்கியே ஆள் இருக்கும்போது நான் எதுக்குத் திருப்பிக் கேக்கப் போறேன், மணி அங்கியே இருக்கட்டும்னுட்டாங்க.”

மாடி கைதட்டியது. மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பபண்டிலைத் துண்டால் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன். கண்ணில் கற்பூரப் புகை பட்டிருந்தது.

அதற்குள் போனில் கிதார்க்காரப் பையன்கள் முண்டியடித்துக்கொண்டு எதையோ கேட்டார்கள். மச்சானின் அடியை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவர்கள் கூட்டத்தில் அடுத்த பாட்டில் அதையும் சேர்க்கப் போகிறார்களாம். மச்சான் உடனே பம்பையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

“அடிய மட்டும் அனுப்பு மச்சான்,” என்றேன். “சாமிய சேத்து அனுப்பிடாத.”

ஆசிரியை கடைசியாக என்னைப் பற்றியும் ஒன்று சொன்னார். சின்ன மணியைப் பிடித்தவருக்கு நெஞ்சுரம் அதிகம் என்று மகள் தமிழில் சொன்னாள். மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்காவைப் பஸ் ஏற்றப் போனேன். பஸ் ஸ்டாண்டில் தக்காளி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“என்னாடா அப்பிடிப் பாக்கற?”

“இல்லக்கா, நேத்து சாமி என்னா சொல்லுச்சுன்னு ஞாபகம் இருக்குதா?”

“எனக்கென்னா தெரியும்? வந்துடுச்சுன்னா ஒண்ணியும் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா?” சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “ஆமா, அந்த ஹைதராபாத்துப் புள்ளைக்கு என்னா பண்ணுவாங்க? பாவம்.”

“வேற செட்டு தேடிக் குடுக்கறாங்களாம்.”

“அப்பச் சரி.”

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

“பண்டிகைக்கு முன்னாடியே வந்து சேரு. ஒங்க மாடி மாதிரி இல்ல, எங்க ஊர்ல ஜனம் ஜாஸ்தி. நேத்தாட்டம் மரக்கட்டையா ஒக்காந்திருந்தீன்னா கடைசி வரிசைக்கும் தெரியும்.”

நான் மரக்கட்டையானது அவளுக்குச் சாமி வந்த பிறகுதானே என்று எனக்கு உறைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மண்டிக்கு நேரமாகியிருந்தது. போகவில்லை. வீட்டுக்கு வந்து, மகள் படிக்கிற அறைக்குக் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, மூங்கில் குச்சியை எடுத்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன்.